பாறையடிக் கொடிக்கு மூன்று பங்கு

மலையம்மாளும் கண்ணுச்சாமியும் ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்தி இருபத்திரண்டாம் நாள் நான் போய் அவர்கள் வீட்டில் மாட்டிக்கொண்டேன். நானாகப் போகவில்லை. என் மனைவி ஆரிபா துரத்திவிட்டாள்.

என் பெயர் நைனா முகமது. கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் போகிற வழியில் ஒரு நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கிறேன். சுக்கு, திப்பிலி, சித்தரத்தை என்று பொட்டலம் கட்டியே நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. பேரையூருக்கு மேற்கே மலையடியில் சில குடிசைகள் இருக்கின்றன. கூலிக்குக் களையெடுத்து, கதிர் அறுத்து, வேலை இல்லாத மாதங்களில் மலை ஏறிப் பிழைக்கிற சனம். கண்ணுச்சாமியும் மலையம்மாளும் அங்கிருந்து ஒவ்வொரு மார்கழியிலும் நன்னாரி வேரும் கடுக்காயும் தலைச்சுமையாக என் கடைக்குக் கொண்டுவருவார்கள். மற்றவர்களுக்கு நான் சாயபு; மலையம்மாளுக்கு மட்டும் அண்ணன். முதல் வருஷம் அவள் காய்ச்சலோடு வந்து கடை வாசலில் சாய்ந்தபோது ஆரிபா உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து மூன்று நாள் கஞ்சி ஊற்றினாள். அதிலிருந்து ஆரிபா அவளுக்கு மதினி, நான் அண்ணன், அந்த முறையில் கண்ணுச்சாமி எனக்கு மாப்ள.

ஆரிபாவுக்கென்று மலையம்மாள் தனியாகக் கொண்டுவருவது வெற்றிலைவள்ளிக் கிழங்கு. வெற்றிலை மாதிரி இலை விடுகிற காட்டுக்கொடி அது. அதன் கிழங்கு பூமிக்குள் ஒரு ஆள் இடுப்பளவு ஆழத்துக்குக்கூட இறங்கிப் போகும். சுட்டுத் தோலை உரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். பர்மா அரிசி நின்றுபோன காலம். ரேஷன் அரிசியில் கல்லையும் உமியையும் பொறுக்கிப் போட்டால் உலைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அப்படிப்பட்ட வருஷத்தில் மார்கழி முடிந்து, தை பிறந்தும் பதினைந்து நாளாகிவிட்டது. இருவரையும் காணோம்.

“நான் கிழங்குக்காகச் சொல்லலை,” என்றாள் ஆரிபா. கொஞ்சம் கிழங்குக்காகவும்தான் சொன்னாள். “அவளுக்கு என்னமோ ஆயிருச்சு. போயிப் பாத்துட்டு வாங்க.”

“கடைய யாரு பாக்குறது?”

“கடை எங்கயும் ஓடிப் போயிராது. ஒரு நா பூட்டித்தான் கெடக்கட்டுமே.”

இதற்குமேல் வாயைக் கொடுத்தால் சோறு ஆறிப்போய்த்தான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் விடியலில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினேன். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளினோம். பேரையூரில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்து நான் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது.

மலையம்மாள் வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுச்சாமி வேலியோரம் உட்கார்ந்து கடப்பாரை முனையைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் கை கால் சுகமாக, முழுசாக இருந்தார்கள். அல்லாவுக்கு நன்றி சொல்லி வாய் மூடவில்லை, மலையம்மாள் ஆரம்பித்தாள்.

“வாங்கண்ணே! மதினி சொகமா? அந்தக் கட்டில்ல உக்காருங்க. அதுல கெடக்குற துணிய எடுக்கச் சொல்லுங்க.”

“யாருகிட்டச் சொல்ல?”

“அந்தா, வேலியோரமா ஒரு ஆளு உக்காந்திருக்காருல்ல, அவருகிட்டத்தான்.”

கண்ணுச்சாமி எழுந்து வந்து துணியை எடுத்தான். எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “எடுத்துட்டேன்னு சொல்லுங்க மச்சான்,” என்றான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே நாலு முழம்கூட இல்லை. அந்த வீட்டில் பிள்ளை குட்டி இருந்திருந்தால் தூதுக்கு அதுகளைப் பிடித்திருப்பார்கள். இல்லாததால் நான் அகப்பட்டேன்.

கொடுத்த கூழைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டு தரப்பு வழக்கும் எனக்குத் தனித்தனியாக வந்து சேர்ந்தது. அது விளங்க வேண்டுமானால் அவர்களுடைய மலை வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும்.

வள்ளிக்கொடி ஆடி ஆவணியில் பச்சையாக மரம் ஏறும். கிழங்கு முற்றுவதோ கொடி காய்ந்து, இலை கொட்டின பிறகு. அப்போது போய்த் தேடினால் எது வள்ளி, எது வெறும் கொடி என்று தெரியாது. அதனால் பச்சையாக இருக்கும்போதே கொடியின் அடியில் ஆத்தி நாரால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துவிடுவார்கள். முடிச்சுப் போட்டவர்தான் தோண்டலாம். ஒவ்வொருவர் முடிச்சும் ஒரு தினுசு. பார்த்ததுமே இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்கள். தெரியாமல் ஒரே கொடியில் இரண்டு பேர் முடிச்சுப் போட்டுவிட்டால் சண்டை கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து தோண்டி, சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். போட்ட முடிச்சை அவிழ்ப்பது மட்டும் யாருக்கும் ஆகாது. தோண்டிய பிறகு கிழங்கின் தலையைக் குழியிலேயே வைத்து மூடிவிட வேண்டும். அடுத்த மழைக்கு அதுதான் துளிர்க்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எழுமலைப் பக்கத்துப் பெண்ணான மலையம்மாளும் இந்த ஊர்க் கண்ணுச்சாமியும் அப்படித்தான் ஒரே கொடியில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஒரு பாறையடியில், உசில மரத்தில் ஏறியிருந்த கொடி. சேர்ந்து தோண்டினார்கள். அரை நாளில் முடிய வேண்டிய குழியை இவர்கள் இரண்டு நாள் தோண்டினார்களாம். அந்தத் தையிலேயே கல்யாணம். அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்தக் கொடியில் மலையம்மாள்தான் முடிச்சுப் போடுவாள். அந்தக் கிழங்கைப் பொங்கலன்று இரண்டு பேரும் சுட்டுத் தின்பார்கள். வேறு யாருக்கும், ஆரிபாவுக்குக்கூட, அதில் பங்கு கிடையாது.

இந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் கண்ணுச்சாமியின் தங்கை செல்லக்கிளி பிள்ளை பெற்றுக் கிடந்தாள். ஓடையில் வெள்ளம், வீட்டில் ஒரு பிடி தானியம் இல்லை. கண்ணுச்சாமி மழையோடு மழையாக மலை ஏறி, கைக்குக் கிட்டத்தில் இருந்த அந்தக் கொடியையே தோண்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். வீட்டில் மூச்சு விடவில்லை. மார்கழிக் கடைசியில் மலையம்மாள் போய்ப் பார்த்தால் கொடி அறுந்து மரத்தில் தொங்குகிறது, குழி மூடிக் கிடக்கிறது, அவள் முடிச்சைக் காணோம். தோண்டியது யார் என்பது செல்லக்கிளி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

“செல்லக்கிளிக்குக் குடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலைண்ணே,” என்றாள். “கேட்டிருந்தா அந்த மழையில நானே போயித் தோண்டியிருப்பேன். என் முடிச்ச அவுத்துப் போட்டுட்டு, ரெண்டு மாசம் என்கூட ஒரே சட்டியில கூழு குடிச்சிருக்காருண்ணே. அதுதான் தாங்கலை.”

அவள் அண்ணன் மருது நாளை மறுநாள் காலையில் எழுமலையிலிருந்து வண்டி கொண்டுவருகிறான். அதில் ஏறிப் போனால் திரும்பி வருவதாக இல்லை. உள்ளே அவள் துணிமணி ஒரு சேலையில் மூட்டையாகக் கட்டித் தயாராக இருந்தது. போன பெருநாளுக்கு ஆரிபா கொடுத்த பச்சைச் சேலை அது.

கண்ணுச்சாமி தன் பங்குக்கு என்னை வேலிப் பக்கம் கூட்டிப் போனான். “தப்புத்தான் மச்சான். சொல்லிரணும்னு தெனமும் வாயத் தொறப்பேன். அவ மொகத்தப் பாத்ததும், உப்பு இருக்கான்னு கேட்டுட்டுப் போயிருவேன்.”

“இப்பச் சொல்லித் தொலையேன்.”

“இப்ப நான் சொல்றது அவ காதுலயே விழமாட்டேங்குதே,” என்று துண்டால் கண்ணைத் துடைத்தான். அம்புட்டுப் பெரிய உடம்புக்காரன் அப்படி அழுததை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மூன்று பேரும் மலை ஏறினோம். மதினிக்கு நாலு கிழங்காவது கொடுத்தனுப்பாமல் தான் ஊரைவிட்டுப் போவதில்லை என்று மலையம்மாள் சொல்லிவிட்டாள். முன்னால் கண்ணுச்சாமி, பின்னால் அவள், நடுவில் நான். என் செருப்பு வழுக்கியது, வேட்டியை முள் இழுத்தது, இதற்கு நடுவில் தூது வேறு.

“அண்ணே, மின்னாடி போற ஆள முள்ளப் பாத்து மிதிக்கச் சொல்லுங்க.”

“செருப்புப் போட்டிருக்கேன்னு சொல்லுங்க மச்சான்.”

“அது வாரு அந்துபோன செருப்புன்னு சொல்லுங்கண்ணே.”

எனக்கு ஏறுவதற்கே மூச்சுப் போதவில்லை. “உங்க பேச்சச் சொமக்குறதுக்கு எனக்கு ரெண்டு கழுதை வெல தரணும் நீங்க,” என்று திட்டினேன். வழியில் ஒரு காட்டு நெல்லி மரம் வந்தது. மலையம்மாள் கிளையை வளைத்துப் பறித்து என் கையில் இரண்டு காய் கொடுத்தாள். “ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ண யாருக்கு வேணும்னாலும் குடுங்க,” என்றாள். அங்கே என்னை விட்டால் கண்ணுச்சாமியைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? விட்டுவிட்டுப் போகிறவளுக்கு முள்ளும் நெல்லிக்காயும் எதற்கு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொன்னால் நெல்லிக்காயும் நின்றுபோகும்.

கண்ணுச்சாமி, தான் முடிச்சுப் போட்டிருந்த ஒரு கொடியைத் தனியாகத் தோண்டத் தொடங்கினான். மலையம்மாள் எட்டத்தில் தன் கொடி ஒன்றைத் தோண்டினாள். இரண்டு இடத்திலும் கிழங்கு பாதியில் ஒடிந்தது. உச்சி திரும்பியதும் எனக்கு லுஹர் தொழ வேண்டியிருந்தது. ஓடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது என்றாலும் எல்லா மரமும் எனக்கு ஒரே மாதிரி தெரிந்தது. கோரிப்பாளையத்துச் சந்துகளில் என் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன். இங்கே வழி தவறினால் ஆரிபாவுக்கு யார் போய்ச் சேதி சொல்வது? ஆகவே புத்தியைக் கசக்கி ஒரு காரியம் செய்தேன். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, போகிற வழியில் அங்கங்கே அடையாளமாகக் கட்டிக்கொண்டே போனேன். கிளைகளில் முள், கை வைக்கப் பயம். காய்ந்து தொங்கிய கொடிகள்தான் சாதுவாக இருந்தன. ஐந்து கொடிகளில் கட்டினேன். ஓடையில் முகம் கை கால் கழுவி ஒளு எடுத்து, ஒரு பாறைமேல் நின்று தொழுது, துஆவில் அந்த இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சியபடி திரும்பினேன்.

மலையம்மாள் என் துண்டுக் கீற்று ஒன்றின் முன்னால் வாயில் கை வைத்தபடி நின்றாள். கண்ணுச்சாமி தரையில் குந்தி, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே இது! மலையில பாதிய வளைச்சுப் போட்டீகளே!”

“வழி தெரியட்டும்னு கட்டுனேன் தாயி.”

“எதுக்குக் கட்டுனாலும் கொடியில கட்டுனா முடிச்சுதான்.”

“அப்ப அவுத்துட்டாப் போச்சு.”

“அவுக்கக் கூடாது!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இத்தனை நாளில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் என்னைத் திட்டினதுதான்.

ஐந்து கீற்றையும் போய்ப் பார்த்தோம். ஒன்று வள்ளியே இல்லை, ஏதோ கசப்புக் கொடி. அது முழுக்க எனக்கே சொந்தம் என்று மனசாரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு, கண்ணுச்சாமி ஏற்கெனவே முடிச்சுப் போட்டிருந்த கொடிகள். ஒன்று மலையம்மாளுடையது. ஐந்தாவதைத் தேடி முன்னால் போன கண்ணுச்சாமி ஒரு பாறையடியில் அப்படியே நின்றுவிட்டான். உசில மரத்தில் அறுந்து தொங்கிய காய்ந்த கொடியின் நுனியில் என் கீற்று வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. மலையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் அவசரமாக மற்றக் கொடிகளுக்குப் பேச்சை மாற்றினேன். “அப்ப நான் உனக்கும் கூட்டு, அவளுக்கும் கூட்டு. அப்படித்தானே மாப்ள?”

“ஆமா மச்சான். எங்ககூட நீங்களும் எறங்கித் தோண்டணும்.”

கடப்பாரையைத் தூக்கிப் பார்த்தேன். பொட்டலம் கட்டிப் பழகின கை அது. பாதி உயரத்தில் கீழே போட்டுவிட்டது. “எம் பங்குக்கு ஆள் வச்சுத் தோண்டலாமா?”

“வைக்கலாமே. பக்கத்துக் குடிசைக் காளை காய்ச்சல்ல கெடந்த வருசம் அவருக்குப் பதிலா அவரு தம்பிதான் தோண்டுனாரு,” என்றான் கண்ணுச்சாமி வெள்ளந்தியாக. மலையம்மாளும், “வைக்கலாம்ணே,” என்றாள்.

இருபது வருஷம் கடை நடத்தினதற்கு அந்த இடத்தில்தான் பலன் கிடைத்தது. “அப்பச் சரி. கண்ணுச்சாமி கொடியில எம் பங்குக்கு மலையம்மா தோண்டட்டும். மலையம்மா கொடியில எம் பங்குக்குக் கண்ணுச்சாமி தோண்டட்டும். நான் பாறையில உக்காந்து பாத்துக்கிர்றேன்.”

இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். ஆனால் அவர்கள் வாயாலேயே சரி என்று சொன்னதாயிற்றே. முணுமுணுத்துக்கொண்டே குழிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

வள்ளி தோண்டுவதற்கு நாலு கை வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் கடப்பாரையால் மண்ணை நெகிழ்த்துவான். அவன் கை மேலே போவதற்குள் அவள் இரண்டு கையாலும் மண்ணை வாரி வெளியே போடுவாள். ஒரு இடத்தில் கிழங்கு கல்லைச் சுற்றி வளைந்திருந்தது. அவள் கடப்பாரையின்மேல் ஒரு விரலை வைத்தாள். அவன் நிறுத்திவிட்டு, மறுபக்கம் மாறி உட்கார்ந்தான். ஒரு வார்த்தையும் இல்லை, என் தூதும் தேவைப்படவில்லை. முதல் குழியில் கையளவு நீளத்துக்கு ஒன்று, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் என் கால் அளவுக்கு ஒன்று. ஒன்றும் ஒடியவில்லை. ஒவ்வொரு தடவையும் தலையை அவன் குழியில் வைக்க, அவள் மண்ணைத் தள்ளி மூடினாள்.

மிச்சம் பாறையடிதான்.

“அது வேணாம் மச்சான்,” என்றான் கண்ணுச்சாமி. “அதுல ஒண்ணும் இல்ல.”

நானும் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். மலையம்மாள் என்னிடம் சொன்னாள்: “தோண்டச் சொல்லுங்கண்ணே. தலையையாச்சும் வச்சிருக்காரா, அதையும் சேத்துக் குடுத்துட்டாரான்னு பாத்துட்டுப் போறேன்.”

அவன் கடப்பாரையை எடுக்கவில்லை. கையாலேயே மண்ணைத் தள்ளினான். ஒரு சாண் ஆழத்தில் தட்டைக்கல் ஒன்று இருந்தது. அதைப் புரட்டினான். கீழே காய்ந்த சருகுமேல் கிழங்கின் தலை இருந்தது. அதோடு ஒட்டி ஒரு சாண் கொடி. அந்தக் கொடியில், இரட்டைச் சுற்றுப் போட்டு ஒரு பக்கம் வால் விட்ட ஆத்தி நார் முடிச்சு, போட்டது போட்டபடி இருந்தது.

“அவுக்கலை,” என்றான். யாரிடம் என்று இல்லாமல் மண்ணைப் பார்த்துச் சொன்னான். “கை வரலை. மேல கொடியத்தான் அறுத்தேன். முடிச்சு நனைஞ்சு போயிரக் கூடாதேன்னு கல்ல வச்சேன்.”

“கிறுக்குப் பயலே, இத மின்னமே சொல்லியிருந்தா என்ன?”

“அதுக்காக, சொல்லாமத் தோண்டுனது இல்லைன்னு ஆயிருமா மச்சான்?”

அந்த ஒரு பதிலுக்காகவே அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மலையம்மாள் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கல்லை எடுத்து, இருந்தபடியே வைத்து, மண்ணைத் தள்ளி, உள்ளங்கையால் தட்டி மூடினாள். இறங்கும்போது முள் என்று சொல்லவில்லை, செருப்பு என்று சொல்லவில்லை. ஏறும்போது அந்தத் தூதை அம்புட்டுத் திட்டினவன், இப்போது ஒரு வார்த்தை கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலையில் சொன்னபடி மருது வண்டியோடு வந்துவிட்டான். மலையம்மாள் பச்சை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணுச்சாமி எனக்காக ஒரு சுரைக்குடுக்கையில் தண்ணீர் நிரப்பி வண்டியில் வைத்துவிட்டு, மாட்டின் கழுத்தைத் தடவியபடி நின்றான். ஆரிபாவிடம் போய் என்ன சொல்வேன் என்று நான் கலங்கிப் போனேன்.

மலையம்மாள் மூட்டையைக் கட்டிலில் வைத்து அவிழ்த்தாள். துணிமணியை அள்ளிக் கயிற்றுக்கொடியில் போட்டாள். வெறும் சேலையைத் தரையில் விரித்து, கிழங்குகளை ஒவ்வொன்றாக அடுக்கி இறுக்கிக் கட்டி, வண்டியில் ஏற்றினாள்.

“இது மதினிக்குண்ணே. சேலைய நானே வந்து வாங்கிக்கிர்றேன்னு சொல்லுங்க. மாசி பொறந்ததும் ரெண்டு பேரும் நன்னாரி கொண்டுக்கிட்டு வாரோம்.”

மருது ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தான். “அப்ப நான் எதுக்குத்தா விடியக்காலம் மாட்டப் பூட்டிக்கிட்டு வந்தேன்?”

“எங்கண்ணனப் பேரையூர்ல பஸ் ஏத்திவிட,” என்றாள் தன் சொந்த அண்ணனிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். “பாறையடிக் கொடியில இப்ப உங்க முடிச்சும் கெடக்கு. அடுத்த தைக்கு நீங்களும் மதினியும் வந்துரணும். அது இனி மூணு பங்கு.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளத் தோளில் கை வைத்தால் துண்டு இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அப்போது மலையம்மாள் கண்ணுச்சாமியை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டாள்.

“இந்தாய்யா, அண்ணனுக்குத் தண்ணிக் குடுக்கைய வச்சியா?”

கண்ணுச்சாமி அவளைப் பார்த்தான், குடுக்கையைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

“மச்சான்… வச்சுட்டேன்னு சொல்லுங்க.”

“நீயே சொல்லு மாப்ள,” என்றேன். “எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”